பிப்ரவரிக்கு இரண்டு அறைகள்

டெல்ஃப்ட், ஹாலந்து
2 அக்டோபர் 1973

உரிமையாளர் அவர்களுக்கு,
ஃபால்க்னர் விடுதி, லெர்கென்டால், டிரோல், ஆஸ்திரியா.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வரும் பிப்ரவரி 9 சனிக்கிழமை முதல் 16 சனிக்கிழமை வரை ஒரு வாரம் பனிச்சறுக்கு விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேர் வர எண்ணியுள்ளோம். இரண்டு அறைகள் தேவை. ஒன்று எனக்கும் என் கணவருக்கும். மற்றது எங்கள் பதினாறு வயது மகளுக்கு. சிறியதாக இருந்தாலும் போதும்.

மகளுக்குச் சறுக்கத் தெரியாது. கணவருக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை முயன்று காலை முறித்துக்கொண்டவர். இருவரையும் ஆரம்ப வகுப்பில் சேர்க்க முடியுமா? பலகைகளும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? நனைந்த காலுறைகளை அடுப்புக்கழியில் காயப்போட விருந்தினருக்கு அனுமதி உண்டா?

என் ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருமதி டி. ஃபான் டைக்


லெர்கென்டால்
11 அக்டோபர் 1973

மதிப்பிற்குரிய திருமதி ஃபான் டைக்,

தங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட வாரத்தில் இரண்டு அறைகள் காலியாக உள்ளன. காலை உணவும் இரவு உணவும் இங்கேயே. சறுக்குப் பள்ளி காலை பத்து மணிக்குத் தொடங்கும். பலகை, பூட்ஸ், ஊன்றுகோல் எல்லாம் எதிர்க்கடையில் வாடகைக்குக் கிடைக்கும். வீட்டுக்குள் பூட்ஸோடு நடக்கக் கூடாது.

தங்கள் ஜெர்மனில் பிழை ஏதுமில்லை. ஹாலந்துப் பள்ளிகளில் மிக நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது. "அடுப்புக்கழி" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கழிக்கு அந்தச் சொல்லை இந்தப் பள்ளத்தாக்கில் இருபது வீட்டுக்காரர்கள்தான் சொல்லுவோம். இன்ஸ்ப்ருக்கில் கேட்டால்கூட யாருக்கும் புரியாது.

காலுறைகளைக் காயப்போடலாம்.

நொட்புர்கா ஃபால்க்னர்


டெல்ஃப்ட்
20 அக்டோபர் 1973

புர்கி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். "என்ன சொல்றாங்க, இடம் இருக்கா?" என்று யோஸ்ட் கேட்டார். "இருக்கு. ஆனா நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "உன் கையெழுத்தைக் கழுதைகூடக் கண்டுபிடிச்சிருமே" என்று சிரித்தார். உன்னைக் கழுதை என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வேறு விடுதிக்கு எழுதியிருக்கலாம். மூன்று முகவரிகள் எடுத்து வைத்திருந்தேன். மூன்று உறையிலும் என் கை உன் முகவரியையே எழுதியது என்று சொன்னால் நம்புவாயா? நம்பமாட்டாய். சரி, எழுதியது ஒரே உறைதான். மற்ற இரண்டு முகவரிகள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

எல்லாம் என் மகள் ஹன்னெகேயால் வந்தது. ஆகஸ்டில் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நீயும் நானும், பதினெட்டு வயது, நெஞ்சில் எண் துணியோடு ஒரே கோப்பையை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். "அம்மா, இது நீயா? உனக்குச் சறுக்கத் தெரியுமா?" என்றாள். அடுத்து, "பக்கத்துல யாரு?" என்றாள். இந்த ஊரில் மிக உயரமான இடம் தேவாலயத்து மணிக்கூண்டு. அவளிடம் நான் மலையைப் பற்றிப் பேசியதே கிடையாது.

அப்பா அம்மா போனபோது இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் நீ கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாய். நானும் உன் பக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உன் அண்ணன் லோயிஸ் அங்கேதான் இருக்கிறானா? கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவனை விட்டுவிட்டுப் போனவள் நான். நான் வந்து நின்றால் அவன் மனம் நோகும் என்றால் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்க்கொள்கிறோம். நேராகச் சொல்லிவிடு.

ரெஸி


லெர்கென்டால்
3 நவம்பர் 1973

ரெஸி,

ரெண்டு அறையும் உன் பேர்ல எழுதியாச்சு. விடுதின்னா யார் வேணா வரலாம். நானா வேண்டாம்னு சொல்லப்போறேன்?

லோயிஸ் இங்கேதான் இருக்கான். ஆரம்பக்காரங்க சரிவுல இழுவை லிஃப்ட் ஓட்டுறான். உன் புருஷனுக்கும் மகளுக்கும் இடுப்புக்குப் பின்னால கம்பியைக் குடுத்து மேல அனுப்புறது அவன்தான். உன் புருஷனைப் பாதி வழியில தள்ளி விடமாட்டான், பயப்படாதே. ஒருத்தரையும் தள்ளி விட்டதில்லை இதுவரைக்கும்.

இருபத்தோரு வருஷம் கழிச்சு எழுதுறே, முதல் கேள்வியே லோயிஸா?

பூட்ஸ் அளவு மூணு பேருக்கும் எழுதி அனுப்பு. உயரமும் எடையும்கூட. உன் புருஷன் எடையைக் குறைச்சுச் சொல்லவேண்டாம், பலகை ஒடிஞ்சா கடைக்காரன் என்னைத்தான் கேப்பான். வேற எதையும் எழுதவேண்டாம்.

புர்கி


டெல்ஃப்ட்
26 நவம்பர் 1973

புர்கி,

பூட்ஸ் அளவு: நான் 38, ஹன்னெகே 40, யோஸ்ட் 44. எடை எழுத அவர் மறுக்கிறார். நான் எழுதுகிறேன்: தொண்ணூற்று நான்கு கிலோ. உயரத்தை மட்டும் அவரே எழுதச் சொன்னார்: ஒரு மீட்டர் தொண்ணூறு.

காரில் வருவதாக இருந்தோம், அது நடக்காது. இங்கே பெட்ரோல் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக் கூடாது என்று சட்டம். போன ஞாயிறு ஊர் முழுக்க நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. நடுச்சாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ஒருவர் குதிரையில் போகிறார். யோஸ்ட் சைக்கிளின் பின்னால் கயிறு கட்டி, சக்கரச் செருப்பு போட்ட ஹன்னெகேயை இழுத்துக்கொண்டு போனார். "லிஃப்ட்டுல போறது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். இப்படித்தான், ஆனால் மேல்நோக்கி என்றேன். அவர் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து தொடைக்குப் பலம் ஏற்றுகிறார். ஹன்னெகே கடிகாரம் பிடிக்கிறாள். போன வாரம் நாற்பது விநாடி. இப்போது ஒரு நிமிடம் பத்து விநாடி. முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆக, ரயிலில் வருகிறோம். சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு உங்கள் ஸ்டேஷன்.

வேறு எதையும் எழுதவேண்டாம் என்றாய். நான் எழுதத்தான் செய்வேன். முதல் கேள்வி லோயிஸைப் பற்றி இருந்தது உனக்குப் பிடிக்கவில்லை. அது எனக்குப் புரிகிறது. இல்லை, புரியவில்லை. அவனுக்குத்தானே நான் கெடுதல் செய்தேன்? உன் அண்ணன் என்பதால் உனக்குக் கோபம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவது இருந்தால் சொல். ரயிலேறுவதற்கு முன்னால் சொல். அங்கே வந்து உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு உன் முகத்தைப் பார்த்து யூகித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ரெஸி


லெர்கென்டால்
9 டிசம்பர் 1973

ரெஸி,

பனி விழுந்தாச்சு. மேல ஒரு மீட்டர், கீழ முழங்கால் அளவு. அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். ஆனா நீ கேட்டுட்டே. கேட்டா சொல்லிருவேன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ பஸ்ல உக்காந்திருந்தே. நான் சொல்றேன், கேளு.

மார்ச் பதினாறு, ஞாயித்துக்கிழமை. ஜோடிப் பந்தயம். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கணும், பின்னால வர்றவளோட நேரம்தான் கணக்கு. மூணு வருஷமா நாமதான் ஜெயிச்சிட்டிருந்தோம். ஒன்பது மணிக்கு நான் மேல ஏறிட்டேன். ரெண்டு பேரோட நம்பர் துணியும் என்கிட்ட. நீ லேட்டா வருவேன்னு இருந்தேன், எப்பவும் லேட்டுதானே நீ. ஒவ்வொரு ஜோடியா இறங்கிச்சு. நம்ம முறை வந்துச்சு. கொடி பிடிக்கிறவர் "ரெஸி எங்கேம்மா?"ன்னார். "பூட்ஸ் கட்டிக்கிட்டிருக்கா, இதோ வந்துருவா"ன்னேன். பொய். நம்மளைக் கடைசிக்குத் தள்ளினாங்க. கடைசியும் வந்துச்சு. "இன்னும் ரெண்டு நிமிஷம்"ன்னு கெஞ்சினேன். அஞ்சு நிமிஷம் குடுத்தாங்க. அப்புறம் கொடியெல்லாம் பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஏழு மணி பஸ்ல நீ எப்பவோ போயிட்டே, அது மேல நின்ன எனக்கு மட்டும்தான் தெரியாது. கீழ ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு.

தனியா இறங்கி வந்தேன். எல்லாரும் லோயிஸைச் சுத்தி நின்னாங்க. ஐயோ பாவம், ஐயோ பாவம்னு. ஒரு மாசம் வீட்டுக்கு வீடு கேக் சுட்டுக் கொண்டுவந்து குடுத்தாங்க அவனுக்கு. தின்னு தின்னு குண்டாயிட்டான். மே மாசமே ரொட்டிக்கடை ஆக்னெஸோட நடனத்துக்குப் போயிட்டான். அவளையே கட்டி மூணு பிள்ளை. ஒருநாள் என்கிட்ட சொன்னான், "அவ போனது நல்லதுதான் புர்கி. அவளுக்கு என்னைவிட உன்னைத்தான் பிடிச்சிருந்துச்சு"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

என்கிட்ட ஒருத்தரும் கேக் கொண்டுவரலடி.

ஆறு வயசுல இருந்து ஒண்ணா சறுக்கினவ நான். உன் புருஷன் கால் ஒடிஞ்சு எங்க வீட்டு மாடியில அஞ்சு வாரம் கிடந்தப்போ, படியேற சோம்பல்பட்டு, சூப்பை உன் கையில குடுத்து அனுப்பினதும் நான்தான். அஞ்சு வாரம் நானே கொண்டுபோயிருந்தா இந்தக் கதையே இல்லை. லோயிஸுக்கு ரெண்டு பக்கம் கடிதாசி எழுதி வச்சே. எனக்கு ஒரு வரி?

கோபம் அண்ணனுக்காக இல்லை. இப்போ தெரிஞ்சுதா?

காலுறை நிறையக் கொண்டு வாங்க. இங்க விக்கிறது மட்டம்.

புர்கி


டெல்ஃப்ட்
20 டிசம்பர் 1973

அன்புள்ள புர்கி,

உன் கடிதத்தை நான்கு நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். கறிக்கடை வரிசையில் நிற்கும்போது எடுத்துப் படிக்கிறேன். கடைக்காரர் "மேடம், உங்க முறை" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

உனக்கும் எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு. லோயிஸுக்கு இரண்டு பக்கம் கடகடவென்று வந்துவிட்டது. அவனை விட்டுப் போவது எனக்குக் கஷ்டமாகவே இல்லை, அதுதான் எனக்குக் கேவலமாக இருந்தது. உனக்கு எழுத எடுத்த தாளில் "புர்கி" என்று மட்டும் எழுதினேன். அடுத்த வார்த்தை எழுதினால் எழுந்து உன் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன் என்று தெரிந்தது. வந்தால் நீ "போகாதேடி" என்பாய். நீ சொன்னால் நான் போகமாட்டேன். யோஸ்ட் ஊன்றுகட்டையோடு தனியாகப் பஸ்ஸில் ஏறியிருப்பார். நான் லோயிஸைக் கட்டிக்கொண்டு, உன் வீட்டிலேயே உன்னோடு இருந்திருப்பேன். அவனைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்ததே அதற்காகத்தானோ என்று இங்கே வந்த பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன்.

நீ பந்தயத்தில் வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு இறங்கியிருப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மேலேயே நிற்பாய் என்று நினைக்கவில்லை.

இப்போது நாங்கள் வருவது உனக்குத் தொந்தரவு என்றால் அறைகளை ரத்து செய்துவிடு. ஹன்னெகேயிடம் பெட்ரோல் மேல் பழி போட்டுச் சமாளித்துக்கொள்கிறேன். நல்ல பண்டிகையாக இருக்கட்டும்.

ரெஸி


டெல்ஃப்ட்
12 ஜனவரி 1974
(அஞ்சலட்டை)

புர்கி, மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ரத்து செய்துவிட்டாயா? ரயில் டிக்கெட் இந்த வாரம் எடுக்க வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். யோஸ்ட் இப்போது சுவரில் மூன்று நிமிடம் உட்காருகிறார். – ரெ.


லெர்கென்டால்
21 ஜனவரி 1974

ஏண்டி, கிறிஸ்துமஸ் வாரத்துல விடுதிக்காரிக்குக் கடிதாசி எழுத ஏது நேரம்? பன்னிரண்டு நாள் வீட்டுல முப்பத்தோரு பேர். சூப்புல போடுற ரொட்டி உருண்டை பிடிச்சுப் பிடிச்சு என் உள்ளங்கையே உருண்டையாயிருச்சு. அதுக்கப்புறம் எழுத உக்காந்தேன், ரெண்டு தடவை கிழிச்சேன். உன்னை மாதிரி எனக்கு அழகா எழுத வராது.

ரத்தாவது மண்ணாவது. டிக்கெட்டை எடு.

ஆனா ஒரு சிக்கல். இங்கயும் பெட்ரோல் பிரச்சினைதான். வாரத்துல ஒரு நாள் காரைத் தொடக் கூடாது, எந்த நாள்னு கண்ணாடியில ஒட்டி வைக்கணும். என்னோடது செவ்வாய். அது போகட்டும். பள்ளிக்கூடத்துல அடுப்பு எரிக்க எண்ணெய் மிச்சம் பிடிக்கணும்னு பிப்ரவரியில ஒரு வாரம் லீவு விடுறாங்களாம். நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் திடீர்னு லீவு. பெத்தவங்க எல்லாம் எங்க போறது? மலைக்குத்தான். போனை வச்சா அடிக்குது, வச்சா அடிக்குது. சுற்றுலாச் சங்கத்துத் தலைவர் வீடு வீடா வந்து, "புர்கி, தொழுவத்துல இடம் இருந்தாலும் சொல்லு"ங்கிறார். "ரெண்டு அறையைச் சும்மா வச்சிருக்கியே"ன்னார். "சும்மா வைக்கலை, ஆள் வருது"ன்னேன். "எந்த ஊர் ராணி?"ன்னார். "உங்களுக்குத் தெரிஞ்ச ராணிதான், நம்ம ஆசாரி மக ரெஸி"ன்னேன். மனுஷன் தொப்பியைக் கழட்டிட்டு அப்படியே உக்காந்துட்டார்.

இப்போ ஊருக்கே தெரியும். ஆக்னெஸுக்குச் சந்தோஷம், உன்னைப் பாக்கணுமாம். நீ போகலைன்னா எனக்கு இந்தக் குண்டன் கிடைச்சிருக்கமாட்டானேங்கிறா. லோயிஸா? முடி வெட்டிக்கிட்டு வந்திருக்கான்.

சிக்கல் என்னன்னா, லின்ட்ஸ்ல இருந்து ஒரு குடும்பம். நாலு பிள்ளைங்க, கடைசிக்குக் காதுல சீழ். நாலு விடுதியில கையை விரிச்சுட்டாங்களாம், போன்ல அந்தப் பொம்பளை அழுதுட்டா. பெரிய அறையை அவங்களுக்குக் குடுத்துட்டேன். சின்ன அறையில ஒரே கட்டில், அது உன் புருஷனுக்கு. ஹன்னெகே லோயிஸ் வீட்டுல, அவன் மக ஆஃப்ரா அறையில. அவளுக்குப் பதினேழு. வாய் ஓயாது, உன் மகளுக்கு ஜெர்மன் தானா வந்துரும்.

நீ என் அறையில. ரெண்டு கட்டில் இருக்கு. நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

புர்கி


டெல்ஃப்ட்
30 ஜனவரி 1974

புர்கி,

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மூன்று பெட்டி, பதினேழு ஜோடி காலுறை. ஹன்னெகே ஜெர்மனில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்கிறாள்: "எனக்கு நிறுத்தத் தெரியாது, வழி விடுங்கள்!" யோஸ்ட் காப்பீட்டுத் தாளை மூன்று முறை படித்துவிட்டார்.

குறட்டைக்குப் பயமில்லை. உன்னைப் பார்க்கும் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் பயம். ஸ்டேஷனுக்கு நீயே வருவாயா?

ரெஸி


டெல்ஃப்ட்
20 பிப்ரவரி 1974

என் புர்கி,

வீடு வந்து நான்கு நாள் ஆகிறது. ஊர் தட்டையாக இருக்கிறது. சன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றுமே இல்லை, வானம்தான். காலையில் எழுந்ததும் மலை எங்கே போயிற்று என்று ஒரு கணம் தேடுகிறேன்.

நேரில் சொல்லாமல் விட்டதை எல்லாம் எழுதுகிறேன். எதிரில் நீ இருந்தால் பேசவிடமாட்டாய்.

ஸ்டேஷனுக்கு நீ வரவில்லை. பிளாட்பாரத்தில் லோயிஸ் நின்றான், தலை முழுக்க நரைத்து, புது முடிவெட்டோடு. அவன் என்னைப் பார்த்துவிட்டு, நேராக யோஸ்ட்டிடம் போய் மேலும் கீழும் பார்த்தான். "நீங்கதானா அது?" "நான்தான்." "கால் எப்படி இருக்கு?" "மழை வந்தா வலிக்கும்." "எனக்கு முதுகு" என்றான் லோயிஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவ்வளவுதான், இருபத்தோரு வருடப் பயம் அங்கேயே முடிந்துபோயிற்று. "புர்கி எங்கே?" என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு தோல் உரிக்கிறா. விடிஞ்சதுல இருந்து உரிக்கிறா. ஈஸ்டர் வரைக்கும் தாங்கும்" என்றான்.

நீ சமையலறையில் கத்தியோடு திரும்பிப் பார்த்தாயே. "மெலிஞ்சிட்டே" என்றாய். நான் "நீ மெலியலை" என்றேன். அதைத்தானா நான் சொல்லியிருக்க வேண்டும்? ரயில் முழுக்க வேறு வாசகம் தயார் செய்திருந்தேன்.

நான்கு நாள் நாம் எவ்வளவு மரியாதையாக இருந்தோம்! "உப்பு வேணுமா ரெஸி?" "வேண்டாம் புர்கி, நன்றி." யோஸ்ட்கூடக் கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் சினேகிதிங்களா, வெளியுறவு அமைச்சருங்களா?" என்று. நானும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். லோயிஸிடம் லிஃப்ட் கொட்டகையில் கேட்டேன். அவன் இயந்திரத்தை நிறுத்தாமலே, "எதுக்கு? கம்பியைப் பிடி, பின்னால ஆள் நிக்குது" என்றான். ஆக்னெஸிடம்கூடக் கேட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பிறகு புதன்கிழமை மத்தியானம். நான் உருண்டைக்கு ரொட்டி நறுக்கிக்கொண்டே, லோயிஸ் எவ்வளவு பெருந்தன்மையானவன் என்று சொன்னேன். நீ கரண்டியைப் பாத்திரத்துக்குள் எறிந்தாய். "ஊருல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டே. லோயிஸ்கிட்ட, ஆக்னெஸ்கிட்ட, பாதிரியார்கிட்ட. எனக்கு? எனக்கு டிசம்பர்ல காரணம் எழுதினேடி. ரெண்டு பக்கம் அழகா காரணம் எழுதினே. மன்னிப்பு எழுதலை!"

நான் கத்தினேன், நீ கத்தினாய். "நீ வேலிக்கு அந்தப் பக்கமே நின்னே, என் அம்மா செத்தப்பகூட!" என்று நான் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "அன்னைக்கு வரணும்னுதான் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தேன். கால் வரலை" என்றாய். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த வார்த்தை வந்தது. மன்னிச்சுக்கோ என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை. நீ இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாய். அதில் வெங்காயம் இருந்தது, இன்னும் எரிந்தது. அடுப்பில் உருண்டை எல்லாம் கரைந்து கஞ்சியாகியிருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஹன்னெகே, ஆஃப்ரா, பின்னால் லின்ட்ஸ் குடும்பம் மொத்தமும். அந்தக் காது வலிக்காரக் குட்டிதான் கேட்டாள், "சண்டை முடிஞ்சுதா? பசிக்குது."

அன்றைக்கு ஊரிலேயே மோசமான சூப் உன் விடுதியில்தான். எல்லாரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஹன்னெகே என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை, தெரியுமா? ரயிலில்தான் வாயைத் திறந்தாள். "புர்கி இடத்துல நான் இருந்தா கதவையே திறந்திருக்கமாட்டேன்" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவள் அந்த எளிய நீலச் சரிவில் ஒரு தடவைகூட விழாமல் இறங்கினாள். யோஸ்ட் முப்பத்தாறு தடவை விழுந்தாராம். அவரே எண்ணி வைத்திருக்கிறார். அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு இல்லை என்று சொல்லாதே. மே மாதம் உன் விடுதி மூடித்தானே இருக்கும்? வா. எங்கள் ஊரிலிருந்து கடல் சைக்கிளில் முக்கால் மணி நேரம். நீ இதுவரை கடலே பார்த்ததில்லை என்று வியாழக்கிழமை சொன்னாய். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் ரெஸி


லெர்கென்டால்
8 மார்ச் 1974

அடியே ரெஸி,

என்னைச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறாளாம். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு மறந்துட்டியா? இந்த ஊர்ல எதுக்கு சைக்கிள், பிரேக் தேயவா?

வரலைன்னுதான் எழுத உக்காந்தேன். கூரை ஓடு மாத்தணும், மெத்தை எல்லாம் வெயில்ல போடணும், கோழி இருக்கு. அதை லோயிஸ் படிச்சுட்டான். என் கடிதாசியை அவன் எதுக்குப் படிக்கிறான்னு கேளு. "கோழியை ஆக்னெஸ் பாத்துப்பா, கூரையை நான் பாத்துக்கிறேன். நாப்பத்திரண்டு வயசாச்சு, இன்ஸ்ப்ருக்கைத் தாண்டியிருக்கியா நீ?"ன்னான். தாண்டலைதான். உண்மையைச் சொல்லணும்னா பயம். மலை பக்கத்துல இல்லாம நான் தூங்கினதே இல்லை. அங்க ராத்திரி திரும்பிப் படுத்தா எந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

உன் மக ஆஃப்ராவுக்கு எழுதியிருக்கா. ஜெர்மன் தப்புத்தப்பா, ஆனா புரியுது. அடுத்த வருஷமும் வருவாளாம், கஷ்டமான சிவப்புச் சரிவுக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணுமாம், அம்மாவை நம்பமாட்டாளாம். இந்தப் பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு.

நேத்து செவ்வாய் இல்லை, அதனால காரை எடுத்துக்கிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட் எடுக்க. போட்டோவுல கொலைகாரி மாதிரி இருக்கேன், பாத்து சிரிக்காதே. ஜன்னல்ல இருந்த பொண்ணு சின்ன வயசு, நம்ம கதை எதுவும் தெரியாதவ. கையெழுத்துப் போடுற இடத்தைக் காட்டிட்டே சும்மா பேச்சுக் குடுத்தா. "ஹாலந்தா? அவ்ளோ தூரமா? அங்க உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?"

என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். சினேகிதின்னு சொல்ல வந்துச்சு. விருந்தாளின்னுகூட சொல்லியிருக்கலாம், பில்லு இருக்கு. பின்னால வரிசையில ஆறு பேர் நிக்கிறாங்க, அவ பேனாவை நீட்டிக்கிட்டே இருக்கா.

"எங்க வீட்டுப் பொண்ணை அங்க கட்டிக் குடுத்திருக்கோம்"னுட்டேன்.

மே நாலாம் தேதி சனிக்கிழமை. ரயில் எத்தனை மணிக்கு வரும்னு விசாரிச்சு எழுதறேன். ஸ்டேஷனுக்கு நீயே வா.

புர்கி